மியாஸ்மாவும் தீட்டும்: தூய்மையின்மை குறித்த இரு பழஞ்சொற்கள்

பண்டைக் கிரேக்கத்தில் தூய்மையின்மையைக் குறிக்கும் சொற்கள் பல இருந்தன. 'கதரோஸ்' என்றால் தூயது. அதன் எதிர்மறையாகிய 'அகதர்சியா' மருத்துவ நூல்களில் புண்ணின் அழுக்கைக் குறித்தது. மெய்யியல் நூல்களில் உள்ளத்தின் கேட்டைக் குறித்தது. தமிழ் விவிலியத்தில் 'அசுத்த ஆவி' என்னும் தொடரைப் படிப்போர் இச்சொல்லின் நிழலையே காண்கின்றனர். 'அகோஸ்' என்பது தெய்வத்துக்கு எதிரான குற்றத்தால் வந்து பற்றும் சாபம். இவையனைத்தினும் நெடுந்தொலைவு நடந்த சொல் 'மியாஸ்மா'. ஏதென்சின் நாடக அரங்கில் ஒலித்த அச்சொல் மருத்துவ நூல்களுக்குள் புகுந்து, இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மலாயாவின் இரப்பர்த் தோட்டங்கள் வரை வந்து சேர்ந்தது. அதே தோட்டங்களின் லயங்களில், நம் முன்னோர் கப்பலில் உடன் கொண்டுவந்த 'தீட்டு' என்னும் சொல்லும் குடியிருந்தது.

இவ்விரு சொற்களையும் அருகருகே வைத்துப் பார்க்கவே இப்பொழிவை அமைத்துக்கொண்டோம். கிரேக்க நாடகம் ஒன்றைத் தமிழில் கற்பிக்க முனையும் ஆசிரியர் முதற் காட்சியிலேயே இச்சிக்கலில் அகப்படுவார். மியாஸ்மா என்பதைத் தீட்டு என்பதா, மாசு என்பதா, கறை என்பதா? சொல்லைத் தேர்வது எளிய செயல் போலத் தோன்றும். ஆயினும் தீட்டு என்னும் சொல்லை வகுப்பில் உச்சரித்த அளவிலேயே மாணவியர் சிலர் தலைகுனிவதையும், முதியோர் சிலர்க்குப் பழைய ஊரின் தெரு நினைவுக்கு வருவதையும் எண்ணினால், அது அகராதியோடு முடியும் சிக்கல் அன்று என்பது விளங்கும்.

முதலில் சொற்பிறப்பைக் காண்போம். மியாஸ்மா என்பது 'மியாயினெயின்' என்னும் வினையடியாகப் பிறந்தது. அவ்வினைக்குச் 'சாயம் ஏற்றுதல், கறைப்படுத்துதல்' என்பது பொருள். ஓமரின் இலியட் நான்காம் காண்டத்தில் மெனலாவோசு அம்பால் காயமுறுகிறான். அவன் தொடையில் குருதி வழிகிறது. அதற்குப் புலவன் கூறும் உவமை வியப்புக்குரியது: குதிரையின் கன்ன அணிக்காக யானைத் தந்தத்துக்குச் செந்நிறச் சாயம் ஏற்றுகிறாள் ஒரு பெண், அரசர்க்கென்று காத்து வைக்கத்தக்க அழகுப் பொருள் அது. தந்தத்துக்குச் சாயம் ஏற்றியதற்கும் தொடையில் குருதி படிந்ததற்கும் அங்கே ஆளப்படுவது ஒரே வினை. அதில் இழிவின் குறிப்பு சிறிதும் இல்லை.

தமிழிலும் இதற்கு ஓர் எதிரொலி கேட்கிறது. ஓவியம் தீட்டுகிறோம், கத்தி தீட்டுகிறோம், அரிசி தீட்டுகிறோம். கூட்டத்தில் அமர்ந்து திட்டமும் தீட்டுகிறோம். ஓவியத் தீட்டும் விலக்கின் தீட்டும் ஒரு வேரின என்று சாதிப்பது நம் நோக்கமன்று. உருவ ஒற்றுமையைச் சுட்டுவதோடு அமைகிறோம். விலக்கைக் குறிக்கும் தீட்டு, தீண்டுதல் என்பதன் வழி வந்தது. 'ஈண்டு' என்பது 'ஈட்டு' என்றாவதுபோலத் 'தீண்டு' என்பது 'தீட்டு' என்றாயிற்று. ஈழத்தார் வழங்கும் 'துடக்கு' என்னும் சொல்லுக்குத் 'தொடக்கு' என்னும் வடிவமும் உண்டு; அதனுள்ளும் தொடுதல் நிற்கிறது. கிரேக்கனின் சொல் கண்ணுக்குத் தெரியும் நிறத்திலிருந்து புறப்பட்டது. தமிழனின் சொல் கைக்குத் தெரியும் தொடுகையிலிருந்து புறப்பட்டது. இவ்வேறுபாடு சிறிதன்று. கறையைக் கழுவலாம், கழுவியபின் அது போயிற்றா என்று கண்ணால் காணலாம். தொடுகையைக் கண்ணால் சோதிக்க வழியில்லை. அதற்கு விதிதான் வேண்டும். விதி சொல்பவனும் வேண்டும்.

மியாஸ்மா நாடகத்தில் எவ்வாறு இயங்குகிறது என்பதற்குச் சோபோக்கிளிசின் 'ஈடிப்பசு மன்னன்' போதும். தீப்சு நகரில் கொள்ளைநோய். பயிர் கருகுகிறது, கால்நடை மடிகிறது, பெண்களின் கரு வாடுகிறது. நாட்டில் ஒரு மியாஸ்மா ஊட்டி வளர்க்கப்படுகிறது, அதனை வெளியேற்றுக என்று தெல்பியிலிருந்து வாக்கு வருகிறது. முன்னைய மன்னனைக் கொன்றவன் எவனோ அவனே அம்மாசு. தேடுபவனே தேடப்படுபவன் என்பது பின்னர்த் தெரிகிறது. ஈடிப்பசு அறியாது செய்தான்; எனினும் மாசு அவனைவிட்டு அகலவில்லை. கிரேக்க மாசு மனத்தின் நோக்கத்தைக் கேட்பதில்லை, கையின் செயலையே கேட்கிறது. ஆனால் அது ஒரு செயலால் வந்தது. அவன் அரசன், அரசனையும் அது பற்றியது.

பிறப்பும் இறப்பும் கிரேக்கருக்கும் மாசு தருவனவே. ஏதென்சில் இறப்பு நிகழ்ந்த வீட்டின் வாயிலில், வேற்று வீட்டிலிருந்து கொணர்ந்த நீரை ஒரு கலத்தில் வைப்பர். வெளியேறுவோர் அந்நீரைத் தெளித்துக்கொள்வர். ஆப்பிரிக்கக் கரையில் கிரேக்கர் குடியேறிய சைரீனியில் கிடைத்த கி.மு. நான்காம் நூற்றாண்டுக் கல்வெட்டு, மகப்பேறு நிகழ்ந்த வீட்டினுள் இருந்தவர்க்கு மூன்று நாள் மாசு உண்டு என்றும், அவர் அதனைப் பிறர்க்குப் பரப்பார் என்றும் வரம்பு கட்டுகிறது. இச்செய்திகளைப் படிக்கும் மலாக்காத் தமிழர் எவர்க்கும் தம் பாட்டியின் குரல் கேட்காமல் இராது. துக்க வீட்டிலிருந்து திரும்பியவர் தலைமுழுகாமல் உள்ளே வரலாகாது. பதினாறாம் நாள் கருமாதி. குழந்தை பிறந்த வீட்டில் முப்பதாம் நாள் வரை தீட்டு. பின் மஞ்சள் நீர். ஏஜியன் கடலுக்கும் மலாக்கா நீரிணைக்கும் இடையே யாரும் இதனைச் சுமந்து வரவில்லை. பிறப்பையும் சாவையும் வாசற்படியில் நிறுத்திவைத்து எண்ணிப் பார்க்கும் பழக்கம் மாந்தர் பலர்க்கும் பொதுவாக இருந்திருக்கிறது.

எனினும் கிரேக்கரிடத்திலும் மாசு ஆட்சியின் கருவியாக மாறியதுண்டு. கி.மு. 426இல் ஏதென்சு மக்கள் தீலோசுத் தீவைத் தூய்மை செய்வதாகக் கூறி, அங்கிருந்த கல்லறைகளை எல்லாம் தோண்டி அப்புறப்படுத்தினர். இனி அத்தீவில் யாரும் பிறக்கவும் கூடாது, இறக்கவும் கூடாது. அந்நிலையில் உள்ளோரை அண்டைத் தீவாகிய இரேனியாவுக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று விதித்தனர். நான்கு ஆண்டு கழித்து, கி.மு. 422இல், தீலோசு மக்களையே தூய்மையற்றவர் என்று கூறித் தீவைவிட்டுத் துரத்தினர். முதலில் பிணம் மாசாக இருந்தது. பிறகு அங்கு வாழ்ந்த மனிதரே மாசாயினர். இதற்கு முன்னரே, பெலோப்பொனீசியப் போரின் வாயிலில், ஏதென்சார் தம் நாட்டின் சாபத்தை வெளியேற்ற வேண்டும் என்று ஸ்பார்த்தர் கேட்டனர். இரண்டு நூற்றாண்டுக்கு முன் கோயிலில் அடைக்கலம் புகுந்தோரைக் கொன்ற குடும்பத்தின் வழித்தோன்றல் பெரிகிளிசு. அவரைக் குறிவைத்தே அக்கோரிக்கை எழுந்தது. தாத்தன் செய்ததைப் பேரன்மேல் ஏற்றும் வழி அவர்களுக்கும் தெரிந்தே இருந்தது. இவ்வரலாற்றை எழுதிய துசிடைடீசு தம் கருத்தைச் சொல்லாமலே நிகழ்ச்சிகளை அடுக்கிவிட்டார், படிப்பவர்க்குப் புரிகிறது.

தமிழ்ப் பக்கம் திரும்புவோம். புறநானூற்று 299ஆம் பாட்டில் பொன்முடியார் ஒரு போர்க்களத்தைக் காட்டுகிறார். நெய்ச்சோறு உண்டு வளர்ந்த பெருமன்னரின் குதிரைகள் முன்னேறாமல் நின்றுவிடுகின்றன. முருகன் கோட்டத்தில் கலம் தொடுதற்கு உரியரல்லாத நாளில் மகளிர் ஒதுங்கி நிற்பதுபோல் நின்றன என்கிறார். விலக்குப் பற்றிய மிகப் பழைய சான்றுகளுள் இது ஒன்று. இங்கு நாம் இரண்டைக் கவனிக்கிறோம். விலக்கப்பட்டது கலம், பெண்ணுக்கு எந்த இழிபெயரும் இடப்படவில்லை. அவ்விடம் அணங்கு உறையும் இடம். அணங்கு என்னும் அச்சந்தரும் ஆற்றலைக் கொண்டே பண்டைத் தமிழரின் தூய்மைக் கோட்பாட்டையும் சாதியின் தோற்றத்தையும் விளக்க முயன்றார் ஜார்ஜ் ஹார்ட். அணங்கின் பொருளை அவர் குறுக்கிவிட்டார் என்று வி. எஸ். ராஜம் மறுத்தார். அணங்கு ஆளப்படும் இடங்கள் பலவகைப்படுதலின் ராஜத்தின் மறுப்பே வலியது என்று நாம் கருதுகிறோம். அதே சங்கப் பாடல்களில் 'புலையன்', 'இழிசினன்' என்னும் பெயர்களும் உள்ளன. அவற்றை மறைத்துவிட்டுச் சங்ககாலத்தைப் பொற்காலம் என்று பாடம் நடத்துவது நேர்மையாகாது.

புறத்தின் தூய்மை நீரால் அமையும், அகத்தின் தூய்மை வாய்மையால் காணப்படும் என்பது குறளின் 298ஆம் பாவின் கருத்து. கிரேக்கத்தின் எபிதவ்ரோசுக் கோயில் வாயிலிலும் இத்தகைய ஒரு வாசகம் பொறிக்கப்பட்டிருந்தது: உள்ளே வருவோர் தூயராய் வருக; தூய்மை என்பது நல்லன எண்ணுதல் என்பது அதன் கருத்து. இன்னும் நெருங்கிய ஒற்றுமை மறுப்பாளரிடம் காணப்படுகிறது. யூரிப்பிடீசின் நாடகம் ஒன்றில் இபிசீனியா கேட்கிறாள்: பிணத்தையோ பேறுகாலப் பெண்ணையோ தொட்டவனைத் தன் பீடத்தருகே விடாத தெய்வம், தான் மட்டும் நரபலியை விரும்புமோ? நம் சிவவாக்கியரும் இவ்வாறே கேட்டார்: தூமை என்று எதனை ஒதுக்குகிறீரோ அதுவன்றோ உருத்திரண்டு உடலாயிற்று, உங்கள் குருவின் உடலும் அதுவே அன்றோ? ஒருவரை ஒருவர் அறியாத இருவர் ஒரே கதவைத் தட்டியிருக்கின்றனர்.

இனி மலாக்காவுக்கு வருவோம். மலாயாவில் வணிக நோக்கில் இரப்பர் பயிரிடுதல் இம்மாநிலத்திலேயே தொடங்கிற்று. 1896இல் தான் சாய் யான் புக்கிட் லிந்தாங்கிலும், பின்னர்ப் பெரிய அளவில் புக்கிட் அசாகானிலும் நட்டார். அதன்பின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா வட்டாரங்களில் தோட்டங்கள் பெருகின; கங்காணிகள் வழியே தமிழர் வந்தனர். வந்தவர்களை முதலில் எதிர்கொண்டது அரசாங்கத்தின் தூய்மை விதி. பினாங்கை அடுத்த ஜெரெஜாக் தீவிலும் போர்ட் சுவெட்டன்ஹாமிலும் குவாரண்டைன் முகாம்கள் இருந்தன. ஊரில் யார் யாரைத் தீண்டலாம் என்று ஆயிரம் கணக்கு வைத்திருந்தவர்கள் அங்கே ஒரே கொட்டகையில் அடைக்கப்பட்டனர். வெள்ளை அதிகாரிக்கு அவர்கள் அனைவருமே நோய் சுமந்து வந்திருக்கக் கூடியவர்கள். வேடிக்கை என்னவெனில், சாதிக் கணக்கு அக்கொட்டகையில் கரைந்துவிடவில்லை; தோட்டம் வந்து சேர்ந்ததும் மீண்டும் தலைதூக்கிற்று. ஒரே பிரட்டில் பெயர் கொடுத்து, அடுத்தடுத்த நிரைகளில் பால் வெட்டி, ஒரே கொட்டகையில் பாலை நிறுத்துக் கொடுத்தவர்கள், பல தோட்டங்களில் சாதிக்கொரு லயமாகப் பிரிந்து வாழ்ந்தனர். பாலை மங்கிலிருந்து வாளிக்கு மாற்றும்போது யார் தொட்ட பால் என்று எவரும் கேட்டதில்லை. சோற்றுக்கும் தண்ணீருக்கும் மட்டும் அக்கேள்வி எழுந்தது.

அழுக்கு என்பது இடம் தவறிய பொருள் என்றார் மேரி டக்ளஸ் தம் 1966ஆம் ஆண்டு நூலில். இக்கருத்தை விளக்கத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு வேறு உவமை வேண்டியதில்லை. மங்கில் இருந்தால் அது பால், கூலிக்கு ஆதாரம். சட்டையில் பட்டால் போகாத கறை. ஒட்டுப்பாலின் நாற்றம் ஏறிய துணியோடு பட்டணத்துப் பேருந்தில் ஏறிய தாய்மாரை விலகி அமர்ந்து பார்த்தவர்களுள் தமிழரும் உண்டு.

இங்கேதான் தீட்டு என்னும் சொல்லின் உள்முரண் வெளிப்படுகிறது. பேறுகாலத் தீட்டும் துக்கத் தீட்டும் நாள் குறித்து வருவன, நாள் முடிந்ததும் போவன. எந்த வீட்டுக்கும் அவை வரும். பிறப்பால் ஒருவர்மேல் ஏற்றப்பட்ட தீட்டுக்கோ முடியும் நாள் இல்லை. எந்த மஞ்சள் நீரும் அதனைக் கழுவாது. முன்னது வீட்டின் நிலை, பின்னது மனிதர்மேல் சாத்திய முத்திரை. இரண்டையும் ஒரே சொல்லால் அழைத்ததனால், முன்னதன் இயல்பான தன்மை பின்னதற்கும் கடன் கிடைத்தது. பிறர் வீட்டுச் சாவின் அழுக்கை அகற்றும் வேலையை ஒரு கூட்டத்தார் தலையில் கட்டிவிட்டு, அவ்வேலையைச் செய்வதனாலேயே அவரை அழுக்கர் என்றனர். கிரேக்கத்தில் இதற்கு இணையாகக் காட்டத்தக்கது 'பார்மகோஸ்' வழக்கம். ஊரின் மாசனைத்தையும் எளியோர் சிலர்மேல் ஏற்றி, விழா நாளில் அவரை எல்லைக்கு அப்பால் ஓட்டுவர். ஆயினும் அது ஆண்டுக்கொரு நாள். தலைமுறைக்கும் தொடர்ந்த பிறப்புரிமை அன்று.

நோயும் மாசும் தெய்வமும் கூடும் இடத்துக்கு மலாக்காவிலேயே சிறந்த எடுத்துக்காட்டு இருக்கிறது. சுல்தான்கள் காலத்தில் வந்து தங்கிய தமிழ் வணிகரின் வழியினராகிய மலாக்காச் செட்டிகள் காஜா பெராங் பகுதியில் வாழ்கின்றனர். 1781இல் எழுந்த பொய்யாத விநாயகர் கோயில் அவர்களுடையது. வீட்டில் மலாய் பேசும் அவர்கள் மாரியம்மனுக்கு எடுக்கும் திருவிழாவை 'டத்தோ சாச்சார்' என்பர். சாச்சார் என்பது மலாயில் பெரியம்மை. மொழி மாறியபின்னும் அம்மையும் அம்மனும் பிரியவில்லை. அம்மை கண்ட வீட்டு வாசலில் வேப்பிலை செருகுவது தோட்டங்களிலும் வழக்கம். அவ்வீடு தீண்டத்தகாதது என்று யாரும் சொல்லமாட்டார், ஆத்தா வந்திருக்கிறாள் என்பர். விலகி நிற்பதற்கு இழிவு கற்பிக்க வேண்டியதில்லை என்பதற்கு இவ்வழக்கத்தினும் நல்ல சான்று நாம் அறிந்தவரை இல்லை.

இதற்கிடையே மியாஸ்மா தன் வழியில் வந்துகொண்டிருந்தது. ஹிப்போகிரட்டீசு பெயரில் வழங்கும் நூல்களுள் ஒன்று, கொள்ளைநோய்க்குக் காரணம் காற்றில் கலந்த மியாஸ்மாக்கள் என்றது. மற்றொன்று, காக்கை வலிப்பைத் தெய்வக் குற்றம் என்று சொல்லிப் பிழைத்த மாசு கழிப்போரைக் கடுமையாகச் சாடிற்று. கொலைகாரன் கையில் இருந்த மாசு அவ்வாறு சதுப்பு நிலத்தின் ஆவிக்கு மாறியது. ஈராயிரம் ஆண்டுக்கு மேல் மருத்துவர் இதனை நம்பினர். 'கெட்ட காற்று' என்னும் பொருளுடைய இத்தாலியச் சொல்லே மலேரியா. 1897இல் செகந்திராபாத்தில் ரொனால்டு ராஸ் கொசுவின் வயிற்றில் உண்மையைக் கண்டார். 1901இல் கிள்ளானுக்கு வந்த மால்கம் வாட்சன், வடிகால் வெட்டியே நோயை அடக்கிக் காட்டினார். அவர் கண்ட மற்றொன்று இன்னும் முக்கியமானது. காட்டை அழித்து வெயிலும் காற்றும் புகவிட்டால் கெட்ட காற்று நீங்கும் என்பது பழைய நம்பிக்கை. கடற்கரைச் சமவெளியில் நிழலை நாடும் கொசுவுக்கு அது பொருந்திற்று. மலைப்பாங்கான தோட்டங்களிலோ, வெயில்படும் தெளிந்த ஓடைகளிலேயே வளரும் வேறொரு கொசு இருந்தது. காடு வெட்ட வெட்ட அது பெருகிற்று, கூலிகள் மடிந்தனர். தூய்மை என்று எண்ணிச் செய்தது கொலையாக முடிந்தது. லயத்துச் சாவுகளைத் தமிழரின் அழுக்குப் பழக்கத்தின்மேல் ஏற்றிய துரைமார்க்கு இது நல்ல விடை.

தீட்டை எதிர்த்த குரல்களும் இங்கே ஒலிக்காமல் இல்லை. பெரியார் 1929இன் இறுதியில் மலாயா வந்து அடுத்த ஆண்டின் தொடக்கம் வரை பல ஊர்களில் பேசினார். கோ. சாரங்கபாணி 1935இல் தொடங்கிய தமிழ் முரசு அக்கருத்துகளைத் தோட்டம்தோறும் கொண்டு சென்றது. 1950இல் நடைமுறைக்கு வந்த இந்திய அரசமைப்பின் 17ஆம் பிரிவு தீண்டாமையைப் பெயர் சுட்டி ஒழித்தது. நம் நாட்டுக் கூட்டரசு அரசமைப்பின் 8ஆம் பிரிவு மதம், இனம், வம்சாவளி, பிறந்த இடம் ஆகியவற்றால் வேற்றுமை பாராட்டுதலை விலக்கிற்று. 2001இல் பாலினமும் சேர்க்கப்பட்டது. சாதி என்னும் சொல் அதில் இல்லை. அதனாலேயே இங்கு அதைப் பற்றிப் பேசாமல் இருப்பது எளிதாயிற்றோ என்று நாம் ஐயுறுகிறோம்.

சொல்லுக்கே திரும்புவோம். மலேசியத் தமிழ்ப் பாடநூல்கள் புகைமூட்டம் முதலியவற்றைக் கூறுங்கால் 'தூய்மைக்கேடு' என்கின்றன. தேசியமொழி வகுப்பில் மாணவர் 'பென்செமாரான்' என்று படிப்பதும் அதுவே. தமிழகத்தில் 'மாசுபாடு' என்பர். இரண்டிலும் தீட்டு நுழையவில்லை, நுழையாதது நன்று. காற்றில் கலந்த மியாஸ்மாவுக்குத் தூய்மைக்கேடு என்பதே பொருத்தம். தீப்சு நகரத்துக் கொலைமாசைக் கறை என்றோ மாசு என்றோ பெயர்க்கலாம்; கறை என்பதில் ஓமரின் சாயமும் குருதியும் ஒருங்கே நிற்பதால் அதுவே நம் தேர்வு. மாதவிலக்கு என்று ஒரு சொல் இருக்கையில், பூப்பு என்று மலரின் பெயரால் வந்த சொல் அதற்கும் முன்னரே இருக்கையில், வகுப்பறையில் அதற்குத் தீட்டு வேண்டியதில்லை.

அப்படியாயின் மியாஸ்மாவைத் தீட்டு என்று பெயர்க்க இடமே இல்லையா? ஓரிடம் உண்டு. யூரிப்பிடீசின் 'எராக்கிளீசு' நாடகத்தில், பித்தேறித் தன் பிள்ளைகளைக் கொன்ற வீரன் தெளிந்ததும் தன் தலையை ஆடையால் மூடிக்கொள்கிறான். நண்பன் தீசியசு வருகிறான். என் மாசு உன்மேல் படும், ஓடிவிடு என்கிறான் எராக்கிளீசு. நட்பிலிருந்து நண்பர்க்குச் சாபம் எதுவும் பரவுவதில்லை என்று கூறி, மூடிய ஆடையை விலக்கச் செய்து, கைகொடுத்து எழுப்பி, அவனைத் தன் ஊருக்கு அழைத்துச் செல்கிறான் தீசியசு. அக்காட்சி முழுவதும் தொடுவதா வேண்டாவா என்பதிலேயே நடக்கிறது. தீண்டு என்னும் வினை உள்ளே ஒலிக்கும் சொல் ஒன்று அங்கு வேண்டும். அவ்விடத்தில் மட்டும் மொழிபெயர்ப்பாளர் தீட்டு என்றே எழுதலாம்.